சேற்றில் பிறக்கும் சிறுமின்சாரம்

மேட்டூரில் திறந்த நீர் கடைமடையை அடைவதற்குள் நாட்கள் பல சென்றுவிடுகின்றன. அந்நீரைச் சிக்கனமாகச் செலவிட, வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கிய பின்னரே மறுபடி பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையை அங்கத்தினர் பலர் அறிவர். அக்குழாயின் நீர்மட்டத்தைத் தானே அளந்து கைப்பேசிக்கு அறிவிக்கும் கருவிகளும் இன்று உண்டு. இத்தகைய கருவிக்கு வயலே மின்சாரம் தருமா என்பதை இங்கு ஆராய்வோம்.

தரும் என்று 2008-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் காட்டினர். நெல்வேர் கசியவிடும் சத்துக்களை உண்ணும் நுண்ணுயிர்கள் மின்னணுக்களை வெளிவிடுகின்றன. சேற்றில் ஒரு கரித்தகடும் மேல்நீரில் மற்றொன்றும் வைத்து அவர்கள் அதைச் சேகரித்தனர். கிடைத்தது, தகட்டின் சதுர மீட்டருக்கு அதிக அளவாக 6 மில்லிவாட். பயிருக்கு நிழலிட்டால் அதுவும் குறைந்தது.

அளவு சிறிதென்பதைவிட அழுத்தம் தாழ்ந்தது என்பதே பெருந்தொல்லை. வேலை வாங்குகையில் இக்கலத்தின் அழுத்தம் அரை வோல்ட்டுக்கும் கீழே நிற்கிறது. கருவியோ பொதுவாக 1.8 முதல் 3.3 வோல்ட் வரை கேட்கிறது. பல கலங்களைத் தொடராக இணைத்தாலென்ன என்று கேட்கலாம். ஒரே வயலில் அது சரிவர நடவாது. ஈரச்சேறே கடத்தியாகி ஒன்றின் மின்சாரத்தை மற்றொன்றுக்குக் கசியவிடும்.

ஆகவே, அழுத்தத்தை உயர்த்தும் மின்சுற்று தேவைப்படுகிறது. அதில் ஒரு கம்பிச்சுருளும், வினாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சுவிட்சும் உண்டு. மூடியிருக்கையில் சுருளில் ஓட்டம் வளர்கிறது. திடீரெனத் திறந்ததும் அவ்வோட்டம் நிற்க மறுத்து, உயர்ந்த அழுத்தத்துடன் சேமிப்பியினுள் பாய்கிறது. அழுத்தம் ஏறும் அளவுக்கு ஓட்டம் குறையும்; இனாமாக எதுவும் வருவதில்லை.

சுவிட்சை ஆட்டுவதற்கே முதலில் மின்சாரம் வேண்டுமே! சாதாரணச் சிலிக்கன் சுவிட்சு ஏறத்தாழ 0.6 வோல்ட் இன்றி அசையாது. இதற்கென, நூறு மடங்கு சுற்றுள்ள சிறு மின்மாற்றியின் துணையால் 20 மில்லிவோல்ட்டிலேயே விழித்தெழும் சில்லுகள் வந்துள்ளன. எல்.டி.சி. 3108 அவற்றுள் ஒன்று.

கோடையில் காவிரி மணலில் தோண்டும் ஊற்றை நினைத்துக்கொள்க. அவசரப்பட்டு இறைத்தால் ஊற்று வற்றும்; தயங்கினால் குடம் நிரம்பாது. கலத்தின் அழுத்தம், சும்மா இருக்கையில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியாக இறங்கும் அளவுக்கு இழுப்பதே அதிக ஆதாயம். நல்ல சுற்று இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கலம் 1 மில்லிவாட் தருகிறது, பாதி வீணாகிறது எனக் கொள்வோம். ஒரு செய்தி அனுப்ப 0.2 ஜூல் செலவெனில், அதைச் சேர்க்க 400 வினாடி, அதாவது ஏழு நிமிடத்துக்கும் குறைவே. மணிக்கொரு செய்திக்கு இது தாராளம்.

ஆயினும் ஒரு முரண் உண்டு. வயல் காயும்போது சேற்றினுள் காற்று புகுந்து கலம் சோர்ந்துவிடும். நமக்கு அளவு தேவைப்படுவதோ அப்போதுதான்! ஆகையால் இன்றைய நிலையில் சேற்றுமின்சாரத்தை மட்டும் நம்பி எவரும் கருவி வாங்குதல் கூடாதென்பது எமது கருத்து. சிறு சூரியத்தகடே மேல். மூடுபனியிலும் ஐப்பசி மழைமூட்டத்திலும் சோரும் அதற்கும் இதே சுற்றுத்தான் உதவுகிறது. எத்தனை மில்லிவோல்ட்டில் சுற்று விழிக்கும், சும்மா இருக்கையில் அதுவே எவ்வளவு உண்ணும், வெயிலின்றிச் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும் என்று விற்பவரைக் கேட்டறிக. தகட்டை நெற்பயிரின் முழு உயரத்துக்கும் மேலான கழியில் கட்டுக. நடவின்போது பார்த்துக் கட்டினால் கதிர் வரும் சமயத்தில் நிழலில் அகப்பட்டுவிடும்.