பல் போனால் சொல் போச்சா? கொஞ்சம் பொறு மக்கா!

வாஞ்சி மணியாச்சி ஸ்டேஷன். கோவில்பட்டி பக்கமிருந்து வந்த ரயிலில் இருந்து ஹாக்கி மட்டையோடு நாலு பசங்க இறங்குகிறார்கள். ஒரே சிரிப்பு, கலாட்டா. அதில் ஒருத்தன் மட்டும் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான்.

"பந்து பட்டு முன்பல்லு போயிட்டுண்ணே. வட்டிக்கு வாங்கியாவது இம்ப்ளான்ட் வச்சிரணும்னு வீட்டுல சொல்றாங்க" என்கிறான் பக்கத்தில் இருந்தவன். பல் போன தம்பிக்கு வயசு 15.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலை மிட்டாய். மட்டை பிடிக்கிறவர்களுக்கு அது ஹாக்கி ஊர். 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பிடித்த மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன்தான். ஆனால் ஹாக்கி பந்து 156 கிராமுக்குக் குறையாத கெட்டி உருண்டை. பல்லுக்கு உறை மாட்டாமல் ஆடினால் இப்படித்தான் 'கோல்' விழும்!

இம்ப்ளான்ட் மேட்டர் என்ன? தாடை எலும்பில் துளை போட்டு, டைட்டானியத்தில் செய்த குட்டி ஸ்க்ரூவை வைக்கிறார்கள். சில மாசத்தில் எலும்பு அதைக் கெட்டியாகக் கவ்விக்கொள்ளும். அப்புறம் அதன் தலையில் செயற்கைப் பல். 1952-ல் ஸ்வீடன் டாக்டர் பிரோனமார்க், ஆராய்ச்சிக்காக முயல் எலும்பில் டைட்டானியக் கருவியை வைத்தார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவே இல்லை! அந்தத் தொல்லைதான் 1965-ல் முதல் நோயாளியின் வாயில் பல்லாக முளைத்தது. அவர் அதோடு 40 வருஷம் சாப்பிட்டார். (நம்ம தென்கோடிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டும் டைட்டானியத் தாதுதான், தெரியுமா?)

சூப்பர்தான். ஆனால் 15 வயசுக்கு இல்லை. தாடை இன்னும் வளர்கிறது. சொந்தப் பற்கள் எலும்போடு சேர்ந்து மெல்ல இறங்கும். ஸ்க்ரூவோ எலும்பில் ஒட்டிய இடத்திலேயே நிற்கும். நாலைந்து வருஷத்தில் அந்த ஒரு பல் மட்டும் குட்டையாகத் தெரியும். அதனால் வளர்ச்சி நின்ற பிறகுதான் வைப்பார்கள். பசங்களுக்கு 18 தாண்டணும், சிலருக்கு இன்னும் தள்ளிக்கூடப் போகும். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் முடிவு செய்வார். அதுவரை கழற்றி மாட்டுகிற பல்லோ, பக்கத்துப் பல்லின் பின்னால் ஒட்டுகிற பல்லோ போதும். செலவும் ரொம்பக் குறைவு. இப்போதே வட்டிக்கடைப் படி ஏற வேண்டியதே இல்லை.

இதைச் சொன்னதும் தம்பியின் கை வாயை விட்டு இறங்கியது.

"விழுந்த பல்லை என்னடே செஞ்ச?"

"மண்ணாயிட்டுண்ணே. குழாயில நல்லாத் தேய்ச்சுக் கழுவி, பேப்பர்ல மடிச்சு ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சிருக்கேன்."

அடடா! தேய்த்ததும் தப்பு, காயவிட்டதும் தப்பு. வேரில் ஒட்டியிருக்கிற உயிரணுக்கள் பிழைத்தால்தான் பல் மறுபடி பிடிக்கும். விழுந்தது பால் பல்லாக இல்லாத பட்சத்தில், வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுக்கணும். அழுக்கு இருந்தால் லேசாக அலசி, அப்படியே குழியில் செருகி, துணியைக் கடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடணும். செருக பயமா? ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கொண்டுபோகலாம். அரை மணி நேரத்துக்குள் போனால் சொந்தப் பல்லே நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் வெளியே காய்ந்தால் சிரமம்.

"பாலா?" தம்பி ஒரு நிமிஷம் பேசவில்லை.

"கிரவுண்டுக்கு எதுத்தாப்லயே டீக்கடை இருக்குண்ணே."