கேட்கிறவர் காட்டும் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் வசிக்கும் வடநாட்டு நகரிலுள்ள தமிழர் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். வரவேற்புரையும் பொங்கல் விழாப் பாராட்டுகளும் முடிந்த பிறகு, ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியராகிய ஒரு பெரியவர் எழுந்து, “கட்டட நிதியின் வரவு செலவை வாசித்தால் நன்றாயிருக்கும்” என்று அடக்கமாகக் கேட்டார். மேடையிலிருந்து வந்த விடை இது: “ஏன் ஐயா, எங்கள் மீது உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?” பெரியவர் முகம் வாடி அமர்ந்துவிட்டார். அவருக்குத் துணையாக ஒரு சொல்லும் நாம் சொல்லவில்லை. நாள்தோறும் அலுவலகத்தில் அரசாங்கத்தின் ஆண்டறிக்கைகளையும் கணக்குக் குறிப்புகளையும் மொழிபெயர்ப்பதே நம் தொழில். ஆயினும் நம் சொந்தச் சங்கத்தின் கணக்கைக் கேட்க நமக்கு நா எழவில்லை.

கணக்குக் கேட்பது நம்பிக்கையின்மை அன்று என்பதை இந்நாட்டுக்கு எடுத்துக் காட்டியவர்கள் ராஜஸ்தானத்தின் வறண்ட குன்றுகளிடையே கல்லுடைத்தும் மண் சுமந்தும் வாழ்ந்த ஏழைக் கூலியாட்களே. அவர்கள் சேர்ந்து அமைத்த ஸ்தாபனத்தின் பெயர் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன். ‘உழைப்போர், உழவர் ஆற்றல் அமைப்பு’ என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். அதன் பணிகள் யாவை, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்னும் இரண்டையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

1987ஆம் ஆண்டில், ராஜஸ்தானத்தில் பீம் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டிற் சிலர் குடியேறினர். அவர்களுள் ஒருவர் அருணா ராய். சென்னையில் 1946இல் பிறந்து, தில்லியிற் கல்வி பயின்று, 1968இல் இந்திய ஆட்சிப் பணியிற் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே அப்பதவியைத் துறந்தவர் அவர். நிகில் தே என்பாரும், நாடகமும் பாட்டும் வல்ல சங்கர் சிங் என்பாரும் உடன் இருந்தனர். அவ்வட்டாரத்து மக்களோடு கலந்து வாழ்ந்த பின், 1990ஆம் ஆண்டு மே முதல் நாளன்று அமைப்பு பீமிலே தொடங்கப்பட்டது. உழைப்பாளர் தினத்தைத் தேர்ந்தெடுத்ததிலிருந்தே அதன் சார்பு புலனாகும். அது தேர்தற் கட்சி அன்று. ஆயினும் தன்னை அரசியல் அமைப்பு என்று சொல்லிக்கொள்ளத் தயங்குவதில்லை. உழைப்பவன் பக்கம் சாய்ந்து நிற்பதை அது மறைத்ததும் இல்லை.

முதல் வழக்கு கூலியைப் பற்றியது. பஞ்ச நிவாரண வேலைகளில் அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி ஒன்று. கையில் விழுந்தது வேறொன்று. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று, ராஜஸ்தானத்து வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் தீர்ப்பு தில்லியில் இருந்தது. கூலி கிராமத்தில் இருந்தது. குறைத்துக் கொடுத்தது ஏன் என்று கேட்டால், “நீங்கள் வேலை செய்யவில்லை, பதிவேடு அப்படித்தான் சொல்கிறது” என்றனர் அதிகாரிகள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், “அஃது அரசாங்க இரகசியம்” என்றனர். கூலிக்காகத் தொடங்கிய போராட்டம் காகிதத்துக்கான போராட்டமாக மாறியது இவ்வாறுதான். பசித்தவன் கையில் இருக்க வேண்டிய ஆயுதம் பதிவேட்டின் நகல் என்பதை அம்மக்கள் அனுபவத்தால் அறிந்தனர்.

1994ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ‘ஜன் சுன்வாய்’ நடந்தது. எப்படியோ பார்வைக்குக் கிடைத்த பஞ்சாயத்துக் கணக்குகளைத் திறந்த வெளியிற் கூடிய ஊராரிடையே உரக்கப் படித்தனர். வேலை செய்தவர் பெயர்ப் பட்டியலான ‘மஸ்டர் ரோல்’ வாசிக்கப்பட்டபோது, தாம் ஒருநாளும் காணாத வேலைக்குத் தம் பெயரிற் கூலி எழுதப்பட்டிருப்பதைப் பலர் கேட்டனர். முற்றுப்பெறாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கில் இருந்தது. அக்கட்டடமோ கூட்டத்தார் கண்ணெதிரே நின்றது. எழுத்தறியாதவர்களே சாட்சி கூறினர். கணக்குச் சரியா என்று சொல்ல எழுத்தறிவு வேண்டியதில்லை; அந்த ஊரில் வாழ்ந்திருந்தாற் போதும்.

‘ஜன் சுன்வாய்’ என்பதைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்று நாம் ஒருமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இந்திச் சொல் செவி கொடுப்பதை மட்டுமே குறிக்கும். தமிழிலோ ‘கேட்டல்’ என்பதற்கு இரு பொருள்: செவியுறுதல் ஒன்று, வினாவுதல் மற்றொன்று. ‘மக்கள் கேட்பு’ என்றால் இரண்டும் அடங்கிவிடும். கோட் கிரானாவில் நடந்ததும் இரண்டுமே அல்லவா?

இதன்பின் பல ஊர்களில் இத்தகைய கூட்டங்கள் நடந்தன. ஊராட்சிக் கணக்குகளின் நகலை மக்கள் பெறலாம் என்று முதலமைச்சர் 1995ஆம் ஆண்டு ஏப்ரலிற் சட்டமன்றத்தில் உறுதி கூறினார். ஓராண்டு கழிந்தும் அவ்வுறுதி ஆணையாக வரவில்லை. எனவே 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பியாவர் நகரத்தில் மறியல் தொடங்கி, 40 நாள் நீடித்தது. அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் மறுபடியும் 53 நாள். அதன் முடிவில், நகல் பெறும் உரிமையை வழங்கும் அறிவிப்பு ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டது என்று துணை முதலமைச்சர் தெரிவித்தார்! தகவல் அறியும் உரிமை வந்துவிட்டது என்னும் தகவலே மக்களுக்கு எட்டவில்லை. தகவற் சட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி இத்துறையில் முந்திக்கொண்டது. ராஜஸ்தானத்தின் சட்டம் 2000இல் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005இல் நிறைவேறி, அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஊரக வேலை உறுதிச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. கணக்கை ஊர்ச் சபையிற் படித்துச் சரிபார்க்கும் முறை ‘சமூகத் தணிக்கை’ என்ற பெயரால் அதில் இடம்பெற்றது. இவை ஓர் அமைப்பின் தனிச் சாதனை அல்ல. இதழாளர், வழக்கறிஞர், ஆட்சிப் பணியாளர் எனப் பலர் இதில் உழைத்தனர். ஆனால் வேர் எங்கே இருந்தது என்பதை மறத்தலாகாது.

இனிப் பணத்துக்கு வருவோம். பொது நலம் நாடும் ஸ்தாபனங்களுக்கு வருவாய் பொதுவாக நான்கு வழிகளில் வரும்: உறுப்பினரும் தனி மனிதரும் தரும் நன்கொடை, அறக்கட்டளைகளும் வாணிக நிறுவனங்களும் தரும் மானியம், அரசாங்க மானியம், வெளிநாட்டு நன்கொடை. கடைசியானது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது; 2020இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டு, நிர்வாகச் செலவுக்குப் பயன்படுத்தக்கூடிய பங்கு நூற்றுக்கு 50இலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. எந்த வழியும் தன்னளவிற் குற்றமுடையதன்று. மருத்துவமும் கல்வியும் பல இடங்களில் இத்தகைய மானியங்களாலேயே நடைபெறுகின்றன. ஆனால் கொடுப்பவர் எவராயினும் அவருக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை மறக்கலாகாது. ஸ்தாபனத்தின் முகம் எத்திசை நோக்கித் திரும்பும் என்பதைப் பணம் வரும் திசையே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

நாம் கூறும் அமைப்பு முதல் வழி ஒன்றையே ஏற்றது. நிறுவன மானியமும் வெளிநாட்டுப் பணமும் அது பெறுவதில்லை. தனி மனிதர் தருவதைக் கொண்டே நடக்கிறது. முழுநேர ஊழியர்கள் பெறும் தொகை, ஒரு கூலியாளுக்கு அரசு விதித்த குறைந்தபட்சக் கூலியின் அளவே. எந்தக் கூலிக்காகப் போராடினார்களோ அந்தக் கூலியிலேயே தாமும் வாழ்வது என்பது அவர்கள் விதித்துக்கொண்ட நெறி. பியாவர் மறியலின்போது சுற்றுக் கிராமத்தார் வீட்டுத் தானியத்தைக் கொணர்ந்தனர்; சந்தை வியாபாரிகள் காய்கறி கொடுத்தனர். அருணா ராய்க்கு 2000ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தபோது, அப்பணத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது, மக்களாட்சிப் போராட்டங்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றுக்கு ஒதுக்கினார்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் கவனிக்கத் தக்கது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசு அலுவலகங்களையும், அரசுப் பணத்தைக் கணிசமாகப் பெறும் ஸ்தாபனங்களையும் கட்டுப்படுத்தும்; பின்னதை உச்ச நீதிமன்றமும் 2019இல் உறுதி செய்தது. அரசுப் பணம் பெறாத சங்கதனை அச்சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆயினும் தன் வரவு செலவைப் பொதுவில் வைப்பதை அது வழக்கமாகக் கொண்டது. “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்று பஞ்சாயத்துத் தலைவரை நோக்கி முழங்குபவர், “உங்கள் கணக்கு எங்கே?” என்ற எதிர்க் கேள்விக்கு ஆயத்தமாயிருக்க வேண்டும் அல்லவா? கேட்கும் தகுதி காட்டும் துணிவிலிருந்தே பிறக்கிறது.

இவ்வழிக்கு விலையும் உண்டு. குறைந்தபட்சக் கூலியில் வாழ்நாளைக் கழிக்க இசைபவர் சிலரே. ஆகவே அமைப்பு பெரிதாகப் பரவவில்லை. தேர்தலிற் பெரும்பாலும் நில்லாது அரசியல் பேசுவது முறையா என்று வினவுவோரும் உளர். உறுப்பினர் சிலர் பஞ்சாயத்துத் தேர்தல்களில் நின்றது அதற்கு ஓரளவு விடையாகும். கணக்கு கேட்கும் மனுக்களால் அலுவலகங்களின் அன்றாட வேலை தடைப்படுகிறது என்பாரும் உண்டு. அலுவலகத்தில் இருப்பவர் என்ற முறையில் அந்தச் சுமையை நாமும் அறிவோம். ஆனால் கேட்பதற்கு முன்பே வெளியிட வேண்டியவற்றை வெளியிட்டுவிட்டால் சுமை குறையும் என்பதையும் அறிவோம். அச்சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்வதும் அதுவே.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஒரு குறிப்பு. மனுவை ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அவ்வட்டாரத்தின் ஆட்சி மொழியிலோ எழுதலாம். மத்திய அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் அதையும் கட்ட வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதனை எழுத்தில் அமைக்கத் தகவல் அலுவலர் உதவ வேண்டும். பொதுவாக 30 நாளுக்குள் விடை வர வேண்டும். ரேஷன் அட்டைக்காக அலையும் கட்டடத் தொழிலாளியும், நிலுவை ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் விதவையும் இதனைப் பயன்படுத்தலாம்.

அடுத்த முறை எவரேனும் நன்கொடைச் சீட்டுடன் நம் வாயிலில் நின்றால், இடதுசாரியோ வலதுசாரியோ, கோயிற் பணியோ தமிழ்ப் பணியோ, மூன்று வினாக்களைக் கேட்டுவிட்டுக் கொடுப்போம்: பணம் யாரிடமிருந்து வருகிறது? யாருக்குச் செலவாகிறது? கணக்கை எங்கே பார்க்கலாம்? நல்லவர் இவ்வினாக்களுக்கு வருந்தமாட்டார், மகிழ்வார்.

அந்த இரயில்வேப் பெரியவர் இப்போது கூட்டங்களுக்கு வருவதில்லை. இவ்வாண்டுக் கூட்டத்துக்கு அவரை நாமே அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். அவர் விட்ட கேள்வியை இம்முறை நாம் எழுந்து கேட்போம். “நம்பிக்கை இல்லையா?” என்று மேடையிலிருந்து வினவினால், “நம்பிக்கை இருப்பதனாலேதான் கேட்கிறோம்” என்பதே நம் விடை.