மின்வண்டியும் சக்கரத்துக் காற்றும்

மலர்க் குழுவினர் வழக்கமாக என்னிடம் நிகண்டு பற்றியோ கல்வெட்டு பற்றியோதான் கட்டுரை கேட்பார்கள். இந்த முறை நானே தலைப்பை மாற்றிக் கேட்டுக்கொண்டேன். திருச்சானூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள், இருசக்கர வண்டி உதிரி பாகங்கள் விற்று வருகிறவன் நான். இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள், "நயினாரே, எலெக்ட்ரிக் வண்டி வாங்கப் போறோம், எது நல்லது?" என்று கேட்கிறார்கள். பேட்டரி எத்தனை வருஷம் வரும், ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். சக்கரத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதற்காகவே இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் நடந்தது

2021-இல் என் மகன் மெதுவாக ஓடும் ரக மின் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினான். மோட்டார் பின் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே இருக்கும் வண்டி; டயரோ டியூப் போட்டது. ஒரு மாலை ரேணிகுண்டாவிலிருந்து அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் பின் சக்கரம் ஒரேயடியாகக் காற்று இறங்கி, வண்டி பாம்பு போல் நெளிந்தது. விழாமல் தப்பியது புண்ணியம். டியூப் வால்வின் அடியில் கிழிந்திருந்தது. ஒட்டினால் நிற்காது, புது டியூப்தான் போட வேண்டும். அதற்குச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். மூன்று பஞ்சர் கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு விட்டார்கள். "உள்ள மோட்டார் இருக்கு சாமி, வயர் அறுந்தா யார் பொறுப்பு?" என்றார் ஒருவர். அவர் சொன்னது நியாயந்தான். சரக்கு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு வந்தபோது சூரியன் மறைந்து வெகு நேரமாகிவிட்டது. விளக்கு வைத்தபின் சாப்பிடாத வீடு எங்களுடையது. அன்று இராப் பட்டினி. படுத்துக்கொண்டு யோசித்ததில் பிறந்தவைதான் கீழே வரும் செய்திகள்.

சக்கரத்தின் பழைய கதை

நம் முன்னோர் சக்கரத்தின் நடுவை 'குறடு' என்றார்கள். கம்பிகளை 'ஆர்' என்றார்கள். சுற்று வட்டையைச் 'சூட்டு' என்றார்கள். மாட்டு வண்டியில் அதன்மேல் இரும்புப் பட்டை ஏறும். அந்தப் பட்டையின் இடத்தைக் காற்றடைத்த ரப்பர் பிடித்தது பிற்காலத்தில். 1845-இல் ராபர்ட் தாம்சன் என்பவர் இங்கிலாந்தில் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமம் பெற்றார், அது பரவவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்ததுதான் உலகெங்கும் ஓடியது. டியூப் இல்லாத டயரை அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் 1947-இல் அறிவித்தது.

நாம் தமிழ்ச் சொல் போலவே வழங்கும் 'ஸ்டெப்னி'யும் ஓர் ஊர்த் தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் அந்த ஸ்டெப்னி கூடவே வரும். பஞ்சரானால் நாமே மாற்றிக்கொண்டு போய்விடுவோம். 2020-இல் அதே சேத்தக் மின்சார வண்டியாக மறுபிறவி எடுத்தபோது ஸ்டெப்னி போய், டியூப்லெஸ் டயர் வந்தது. காரணத்தைப் பார்ப்போம்.

டியூப் செய்வது, டியூப்லெஸ் செய்வது

கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. அத்தனை துளைகளிலும் காற்று கசியும். ஆகவே உள்ளே தனி டியூப் வேண்டியிருக்கிறது. ஆணி குத்தினால் டியூப் கிழிகிறது. உள்ளிருந்த காற்று வால்வுத் துளை, கம்பித் துளை வழியாகச் சில நொடிகளில் வெளியேறிவிடும். முன் சக்கரத்தில் இது நேர்ந்தால் ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது.

டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் காற்றை விடாத பியூட்டைல் வகை ரப்பர்ப் பூச்சு உண்டு. டயரின் ஓரம் ரிம்மின் விளிம்பில் இறுக உட்கார்ந்து காற்றை அடைக்கிறது. குத்திய ஆணியைச் சுற்றி ரப்பர் கவ்விக்கொள்வதால் காற்று மெல்ல மெல்லத்தான் போகும். வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கிறது. சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து ரப்பர்த் திரியைச் செருகிப் பத்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். மோட்டாரின் வயரை யாரும் தொட வேண்டியதில்லை. மின்வண்டிக்கு இதுதான் பெரிய வசதி.

இன்னொன்றும் உண்டு. மின் மோட்டார் திருகியவுடனே முழு இழுவையைக் கொடுக்கும், பேட்டரியும் கனம். இரண்டையும் தாங்குவது டயர். காற்று குறைந்தால் உருளும்போது தடை கூடும், சார்ஜ் சீக்கிரம் தீரும். "வண்டி முன்ன மாதிரி தூரம் போகலே" என்று பேட்டரியைக் குறை சொல்லி வந்த ஒருவருக்கு நான் காற்று அடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

டியூப்லெஸ்ஸிலும் குறை உண்டு

வியாபாரி என்பதற்காக ஒரு பக்கம் பேசக் கூடாது. பள்ளத்தில் இடித்து அலாய் ரிம் நெளிந்தால் காற்று கசியும். கம்பிச் சக்கரமோ அடியை வாங்கிக்கொண்டு நிமிர்த்தக் கொடுக்கும். டயரின் ஓரம் ரிம்மை விட்டு விலகிவிட்டால் கைப்பம்பால் ஏற்ற முடியாது, கம்ப்ரஸர் வேண்டும். பக்கச் சுவர் கிழிந்தால் திரி நிற்காது, டயரையே மாற்ற வேண்டும். கல்லும் குழியுமான கிராமத்துப் பாதையிலேயே ஓடும் வண்டிக்குக் கம்பிச் சக்கரமும் டியூபும் தப்பில்லை. ஆனால் குடத்தில் மோட்டார் உள்ள வண்டிக்கு டியூப் வேண்டாம் என்பதே என் துணிபு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, டயரின் பக்கவாட்டில் 'டியூப்லெஸ்' என்று எழுதியிருக்கிறதா, ரிம்மும் அதற்கு ஏற்றதா என்று பாருங்கள். டியூப்புக்கான ரிம்மில் டியூப்லெஸ் டயரை மாட்டி டியூப் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து.

இரண்டாவது, மோட்டார் குடத்தில் இருக்கிறதா, நடுவிலா என்று கேளுங்கள். குடத்தில் என்றால், பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தால் யார் வருவார்கள் என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, டயரில் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வாரம் ஒருமுறை காலையில், டயர் சூடேறுமுன், வண்டியில் ஒட்டியுள்ள அளவுப்படி காற்றுப் பாருங்கள். நம்ம திருப்பதி வெயிலில் மத்தியானம் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

நம் பகுதியிலேயே தொழிற்சாலைகள் இருக்கின்றன. 1960 எல்லை மாற்றத்தில் ஆந்திரத்தோடு சேர்ந்த சத்தியவேட்டுப் பக்கம், சின்னபாண்டூரில் 2020-இல் அப்போலோ டயர் ஆலை திறந்தது. அந்தப் பக்கமே ஹீரோ நிறுவனத்தின் ஆலையும் உண்டு. அதன் 'விடா' மின் ஸ்கூட்டர் அங்கே தயாராகிறது. நம் பிள்ளைகள் அங்கே வேலைக்கும் போகலாம். செய்கிற ஊரிலேயே இருந்துகொண்டு, தெரியாமல் வாங்கி ஏமாறலாமா?

மகன் அந்தப் பழைய வண்டியை மாற்றி டியூப்லெஸ் மின்வண்டி வாங்கினான். போன ஆண்டு ஒரு காலை மருமகள் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகக் கிளம்பினாள். பின் டயரில் இரண்டங்குல ஆணி. முந்தின நாள் எங்கே ஏறியதோ தெரியவில்லை; பத்துப் பவுண்டு காற்றுதான் குறைந்திருந்தது. கடைக்கு ஓட்டிவந்து, திரி போட்டு, மணியடிப்பதற்குள் பள்ளியில் விட்டாள். அந்த ஆணியை என் கடைக் கல்லாவில் வைத்திருக்கிறேன். மின்வண்டி எது நல்லது என்று கேட்கிறவர்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.