புகையான் ஏன் வட்டமாக எரிக்கிறது?

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் சாமைக் கொல்லைகள். அங்கே புகையான் பூச்சியைத் தேட வேண்டாம். அதற்கு நெல்தான் உணவு. கீழே, ஏரிப் பாசன வயலில் பச்சைப் பயிருக்கு நடுவே வட்டமாக ஒரு திட்டு தீய்ந்து கிடந்தால், ஓரத்துத் தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்தருகே பாருங்கள். எள்ளளவில் பழுப்பு நிறப் புகையான்கள் அப்பியிருக்கும். தூரைத் தட்டினால் பொலபொலவென்று தண்ணீரில் விழும்.

ஏன் வட்டம்? நீண்ட இறக்கையோடு பறந்து வந்து இறங்கும் புகையானின் வாரிசுகளில் பல குட்டை இறக்கையோடு வளர்கின்றன. அவற்றால் பறக்க முடியாது. இறங்கிய இடத்திலேயே இலையுறையைக் கீறி முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, பக்கத்துத் தூருக்கு நகர்கின்றன. பயிர் காய்ந்ததும், கூட்டம் நெருங்கியதும் மறுபடி நீண்ட இறக்கைத் தலைமுறை வளர்ந்து வேறு வயல் தேடும். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு!

கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்தியும், புகையான் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான். இலையுறைக்குள் இருக்கும் முட்டை தப்பித்துவிடும். இதனால்தான் 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். தழைச்சத்து மிகுந்த பயிர் புகையானுக்கு விருந்து. நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டால் தூருக்கு வெயிலும் காற்றும் போகும். பூச்சி தெரிந்தால் தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள்.