கடலில்லா மாநிலத்தின் கரையோரப் பீரங்கிப் படை: அமெரிக்க 200ஆம் படையணியின் அமைப்பு வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கே அமைந்துள்ள நியூ மெக்சிக்கோ மாநிலம் மலையும் பாலையும் மேய்ச்சல் நிலமும் கொண்டது. அதற்குக் கடற்கரை கிடையாது. எனினும், இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது அம்மாநிலத்தவரைக் கொண்டு அமைந்திருந்த படையணியொன்று ‘கரையோரப் பீரங்கிப் படை’ என்னும் பெயரைத் தாங்கி நின்றது. அதற்குச் சில ஆண்டுகளின் முன்வரை அப்படையணியினர் குதிரை வீரராக விளங்கியவர்கள். இப்பெயர் முரண் எவ்வாறு தோன்றியது, அதனால் நேர்ந்தவை யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படைகளின் அமைப்பு வரலாறு என்றதும், இலக்கங்களும் கட்டளைத் திகதிகளும் நிறைந்த வறண்ட அட்டவணை என்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் அவ்வெண்ணம் தவறன்று. இத்துறை சார்ந்த ஏடுகளைப் புரட்டிப் பார்த்தோர் அதனை நன்கறிவர். ஆயினும் 200ஆம் படையணியின் கதை அவ்வாறு தள்ளிவிடத்தக்கதன்று. அது இலக்கம் மாற்றப்பெற்றது. ஓர் இரவில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. களத்தில் ஆளின்றிப் போன பின்னரும் ஏட்டில் நிலைத்திருந்தது. இவற்றைத் தொடர்ந்து நோக்குமிடத்து, தலைநகரில் எழுதப்படும் கட்டளையொன்று தொலைவிலுள்ள சிற்றூர்களின் வீட்டு வாயில்களை எவ்வாறு சென்றடைகின்றது என்பது புலனாகும்.

முதலில் ‘கரையோரம்’ என்னும் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். அமெரிக்கப் பீரங்கிப் படை பத்தொன்பதாம் நூற்றாண்டில் படையணிகளாகவே இயங்கி வந்தது. துறைமுகக் கோட்டைகளைக் காப்பதும் களத்திலே காலாட்படைக்குத் துணையாகச் செல்வதும் ஒரே படையணியின் பணிகளாக இருந்தன. 1901இல் இம்முறை கைவிடப்பட்டது. படையணிகள் கலைக்கப்பட்டு, 126 கரையோரக் கம்பனிகளும் 30 களப் பற்றறிகளும் அமைக்கப்பட்டன. 1907இல் கரையோரப் பீரங்கிப் படையும் களப் பீரங்கிப் படையும் முற்றாகப் பிரிந்து தனித்தனித் துறைகளாயின. களத்தில் நிற்போன் கண்முன் உள்ள பகைவன்மீது விரைந்து சுடவேண்டியவன். கோட்டையில் இருப்போனோ அசையும் கப்பல் சிறிது நேரத்தின் பின் எவ்விடத்தில் இருக்கும் எனக் கணித்து, அவ்விடத்துக்கே குண்டைச் செலுத்தவேண்டியவன். இருவரது கலைகளும் வேறானவை என்ற முடிவுக்கு அந்நாட்டு இராணுவத்தார் வந்திருந்தனர்.

இக்கணிப்புக் கலையே பின்னர் எதிர்பாராத திசையிற் பயன்பட்டது. முதலாவது உலக மகாயுத்தத்தில் ஆகாய விமானம் போர்க்கருவியாயிற்று. பறக்கும் விமானத்தைச் சுடுவதும் அசையும் கப்பலைச் சுடுவதும் அடிப்படையில் ஒரே கணக்குத்தான். உயரம் என்னும் ஓரளவை கூடுதலாக வந்து சேருகின்றது, அவ்வளவே. அமெரிக்கக் கரைகளுக்கு அப்போது பகைவரின் கப்பல்களால் பேராபத்து ஏதும் இருக்கவில்லை. எனவே, கரையோரப் பீரங்கியாளர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு, கனரகப் பீரங்கிகளையும் இரயிற் பாதையில் நகரும் பீரங்கிகளையும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் இயக்கலாயினர். யுத்தம் முடிந்த பின்னரும் விமான எதிர்ப்பு அவர்களது பொறுப்பாகவே நிலைத்தது. ஆகவே, கடலே காணாத ஊரவர்கள் விமானங்களைச் சுடுவதற்கெனத் திரட்டப்பட்டபோதும் ‘கரையோர’ப் படையினர் என்றே அழைக்கப்பட்டனர். பெயர் பழைய தொழிலைச் சுட்டிற்று. கருவி புதிய தொழிலைச் செய்தது.

1924இல் கம்பனி முறை நீங்கிப் படையணி முறை மீண்டும் வந்தது. அப்போது வகுக்கப்பட்ட இலக்க ஒழுங்கு நோக்கற்பாலது. சிறிய எண்கள் நிரந்தர இராணுவத்துக்கு உரியன. ஏறத்தாழ 200இலிருந்து தொடங்கும் எண்கள் மாநிலங்களின் தேசியக் காவற்படைக்கும், 500க்கு மேற்பட்டவை சேமப் படைக்கும் ஒதுக்கப்பட்டன. எனவே, ஒரு படையணியின் இலக்கத்தைக் கண்ட மாத்திரத்தே அதன் குலத்தையும் கோத்திரத்தையும் ஒருவர் அறிந்துகொள்ளக்கூடியதாயிருந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வொழுங்கு உதவும்.

நியூ மெக்சிக்கோவின் தேசியக் காவற்படையில் 111ஆம் குதிரைப்படை இருந்தது. மேய்ச்சல் நிலத்து இளைஞர்களுக்குக் குதிரையேற்றம் கைவந்த கலையாதலின் அது பொருத்தமான ஏற்பாடே. ஆனால் 1940 அளவில் ஐரோப்பிய யுத்தம் ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது: அமெரிக்காவிடம் குதிரைகள் மிகை, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் குறைவு. அவ்வாண்டில் 111ஆம் குதிரைப்படை விமான எதிர்ப்புப் படையணியாக மாற்றப்பட்டது. முதலில் அதற்கு 207 என்னும் இலக்கம் வழங்கப்பட்டது. சிறிது காலத்தில் அது 200 என மாற்றப்பட்டது. 207 என்னும் இலக்கம் பின்னர் நியூ யோர்க் மாநிலத்துப் படையணியொன்றுக்குச் சென்றது. குதிரைகளையும் சேணங்களையும் ஒப்படைத்துவிட்டு அம்மனிதர்கள் புதிய தொழிலைக் கற்கத் தொடங்கினர்.

1941ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி 200ஆம் படையணி மத்திய அரசாங்க சேவைக்கு அழைக்கப்பட்டு, ரெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரருகேயுள்ள பிளிஸ் கோட்டையிற் பயிற்சி பெற்றது. அக்காலத்து விமான எதிர்ப்புப் படையணியின் அமைப்பு வருமாறு: தலைமையகப் பற்றறி ஒன்று, அதன் கீழ் இரு பற்றாலியன்கள். முதலாவது பற்றாலியனில் ‘ஏ’ பற்றறி தேடொளி விளக்குகளுக்கு உரியது. ‘பீ’, ‘சீ’, ‘டீ’ என்பன 3 அங்குலப் பீரங்கிகளுக்கு உரியன. இரண்டாவது பற்றாலியனின் ‘ஈ’ முதல் ‘எச்’ வரையான நான்கு பற்றறிகளும் தாழப் பறக்கும் விமானங்களை எதிர்க்கும் 37 மில்லிமீற்றர் பீரங்கிகளையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் கொண்டன. உயரத்துக்கு ஒன்று, தாழ்வுக்கு ஒன்று, இருளுக்கு ஒன்று என மூன்றும் இணைந்தாற்றான் படையணி முழுமை பெறும். இவற்றுள் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தால் எஞ்சியது ஊனமாகும் என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

இன்னுமோர் அமைப்பு முறை இங்கு குறிப்பிடத்தக்கது. தேசியக் காவற்படையின் பற்றறிகள் ஊர் அடிப்படையிற் சேர்க்கப்பட்டவை. டெமிங், தாவோஸ், காலப், கிளோவிஸ் போன்ற சிற்றூர்களிலிருந்து அண்ணன் தம்பியரும் மைத்துனரும் ஒரே வகுப்பிற் படித்தோரும் ஒன்றாகச் சேர்ந்திருந்தனர். படையணித் தலைவரான கேணல் சார்ள்ஸ் சேஜ் என்பவரும் டெமிங் ஊரின் பத்திரிகையாளரே. பின்னர்க் கட்டாய சேவைக்கு எடுக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டோரிலும் பலர் அதே மாநிலத்தவர். இம்முறை சமாதான காலத்தில் ஒற்றுமையை வளர்க்கும். தோல்வி நேரும்போது அது இழப்பையும் ஓரிடத்திலேயே குவித்துவிடும். இதனைக் கட்டளை எழுதியோர் எண்ணிப் பார்த்தனரோ என்னும் ஐயம் எமக்கு உண்டு.

1941 செப்ரெம்பரில் படையணி பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தது. ஸ்பானிய மொழி பேசுவோர் அதில் மிகுதியாக இருந்தமையே அது தெரிவு செய்யப்பட்டமைக்கு ஒரு காரணம் என்பர். பயிற்சியிற் சிறந்து விளங்கியமை மற்றொன்று என்பர். கொரெகிடோர் தீவுக் கோட்டையைக் காத்த 60ஆம் படையணி ஏற்கெனவே அங்கு இருந்தது. 200ஆம் படையணிக்கு லூசோன் தீவின் கிளார்க் விமானத்தளத்தைக் காக்கும் பொறுப்பு வழங்கப்பட்டது.

டிசம்பர் 8ஆந் திகதி நண்பகல், பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டுப் பல மணி நேரம் கழிந்த பின்னர், யப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் 54 இரு கூட்டங்களாக வந்தன. அவை பறந்த உயரம் 20,000 அடிக்கு மேற்பட்டது. 200ஆம் படையணியின் குண்டுகளில் மிகப் புதியனவே 1932இற் செய்யப்பட்டவை. குண்டு எவ்வுயரத்தில் வெடிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திரிகள் துருப்பிடித்திருந்தன. சுடப்பட்ட ஆறு குண்டுகளில் ஒன்றே வெடித்தது என்றும், வெடித்தவற்றிலும் பெரும்பாலானவை விமானங்களுக்கு 2000 முதல் 4000 அடிவரை கீழேயே வெடித்தன என்றும் அமெரிக்க இராணுவத்தின் வரலாறு கூறுகின்றது. அவற்றைத் தொடர்ந்து போர்விமானங்கள் தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கிகளாற் சுட்டபோதுதான் படையணியின் சிறிய பீரங்கிகள் ஓரளவாயினும் பயன்பட்டன. தரையில் நின்ற அமெரிக்க விமானங்களிற் பெரும்பகுதி அழிந்தது.

அமைப்பு வரலாற்றில் மிக வியப்பான நிகழ்ச்சி அன்றிரவே இடம்பெற்றது. தலைநகராகிய மனிலாவுக்குத் தக்க விமான எதிர்ப்புப் பாதுகாப்பு இருக்கவில்லை. எனவே 200ஆம் படையணியிலிருந்து ஏறத்தாழ 500 பேர் பிரித்தெடுக்கப்பட்டு மனிலாவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்த களஞ்சியத்திற் கிடைத்த பீரங்கிகளை ஏற்று அவர்கள் தனிப் படையணியாயினர். டிசம்பர் மாதத்திலேயே அதற்கு 515 என்னும் இலக்கம் வழங்கப்பட்டது. கேணல் ஹரி பெக் தலைவரானார். மேலே கூறிய இலக்க ஒழுங்கின்படி 500க்கு மேற்பட்டவை சேமப் படைக்கு உரியன. ஆனால் இங்கோ, மாநிலக் காவற்படையின் பாதி உடலுக்கு அவ்விலக்கம் சூட்டப்பட்டது. சமாதான காலத்தில் ஒரு படையணியை உருவாக்கச் சட்டம், வரவுசெலவு, பயிற்சி எனப் பலவும் ஆண்டுக்கணக்கில் நடைபெறும். 515ஆம் படையணியோ ஓரிரவு வாகனப் பயணத்திற் பிறந்தது. எஞ்சிய 200ஆம் படையணி அரை வலுவுடன் கிளார்க் தளத்தில் நின்றது.

மனிலாவைக் கைவிட்டுப் பத்தான் குடாநாட்டுக்குப் பின்வாங்குவதென முடிவானபோது, இரு படையணிகளும் படைகள் கடந்துசென்ற வீதிகளையும் பாலங்களையும் வான் தாக்குதலிலிருந்து காத்தன. அவற்றுள் முக்கியமானவை கலும்பிட் பாலங்கள். 1942 சனவரி முதலாந் திகதி அவை தகர்க்கப்பட்டன. பத்தானில் இரு படையணிகளும் தென்பகுதி விமான ஓடுபாதைகளைக் காத்து நின்றன. உணவு சனவரியிலேயே பாதியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் மேலும் குறைந்தது. மலேரியாவும் வயிற்றுளைவும் பரவின. மார்ச் மாதத்தில் அங்கிருந்த 26ஆம் குதிரைப்படையின் குதிரைகள் உணவுக்காகக் கொல்லப்பட்டன. குதிரைப்படையாயிருந்து பீரங்கிப் படையான நியூ மெக்சிக்கோ வீரர்களுக்கு அவ்விறைச்சி எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஏடுகள் பதிந்து வைப்பதில்லை.

ஏப்பிரல் 8ஆந் திகதி இரவு, முன்னணி முற்றாக உடைந்துவிட்ட நிலையில், இரு படையணிகளுக்கும் கடைசிக் கட்டளை வந்தது. காலாட்போருக்குப் பயன்படக்கூடிய ஆயுதங்களைத் தவிர விமான எதிர்ப்புத் தளபாடங்கள் யாவற்றையும் அழித்துவிட்டு, கப்காபென் ஓடுபாதைக்குத் தெற்கேயுள்ள மேட்டு நிலத்தில் காலாட்படையாக அணிவகுக்கவேண்டும் என்பதே அது. குதிரைப்படை, கரையோரப் பீரங்கிப் படை, காலாட்படை என மூன்று உருவங்களை இரண்டே ஆண்டுகளில் அம்மனிதர்கள் எடுத்துவிட்டனர். மறுநாள் மேஜர் ஜெனரல் எட்வேர்ட் கிங் பத்தான் படைகளைச் சரணடையச் செய்தார்.

அந்த ஏப்பிரல் 9ஆந் திகதி எமது நாட்டவரும் மறக்கவியலாத நாளாகும். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே யப்பானிய விமானந்தாங்கித் தொகுதியின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதும், மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ‘ஹேர்மிஸ்’ கப்பலை மூழ்கடித்ததும் அன்றுதான்.

சரணடைந்தோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். நோயாலும் பசியாலும் நலிந்திருந்த அவர்கள் சான் பெர்னாண்டோ வரை நடத்திச் செல்லப்பட்டனர். மரிவெலெஸ் முனையிலிருந்து அது 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரமாகும். வழியிலே தண்ணீர் மறுக்கப்பட்டும் அடியுண்டும் குத்துண்டும் இறந்தோர் ஆயிரக்கணக்கினர். அங்கிருந்து அடைக்கப்பட்ட இரயிற் பெட்டிகளில் ஏற்றப்பட்டு ஓ’டொனல் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் கபனாத்துவான் முகாம். அதன் பின்னர் பலருக்கு யப்பானுக்குச் செல்லும் கப்பல்களின் அடித்தளம். சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் அடிமை வேலை. கைதிகள் உள்ளிருப்பது அறியப்படாமையால் அக்கப்பல்களிற் சில அமெரிக்கரின் தாக்குதலாலேயே மூழ்கின. நியூ மெக்சிக்கோவிலிருந்து சென்ற ஏறத்தாழ 1800 பேரில் 800க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். அக்கால நியூ மெக்சிக்கோ மக்கள்தொகை குறைந்த மாநிலம். அதன் சிற்றூர்களில் இழப்பு அணுகாத தெருவைக் காண்பது அரிதாயிருந்திருக்கும். ஊர் அடிப்படையிற் பற்றறி அமைப்பதன் பயன் அங்கு இவ்வாறு வெளிப்பட்டது.

இதனிடையே அமெரிக்காவில் கரையோரப் பீரங்கிப் படையின் அமைப்பே கலைந்துகொண்டிருந்தது. 1943, 1944ஆம் ஆண்டுகளில் படையணிகள் உடைக்கப்பட்டுத் தனிப் பற்றாலியன்களாக மாற்றப்பட்டன. உலகின் பல பாகங்களிலும் இருந்த படையணிகள் இவ்வாறு இல்லாதொழிய, 200ஆம் 515ஆம் படையணிகளோ சிறைமுகாம்களில் இருந்தமையால் தீண்டப்படாதிருந்தன. பீரங்கியும் கொடியும் கட்டளைத் தலைமையும் இன்றி, பெயர் மட்டும் ஏட்டில் இருந்தது. யுத்தம் முடிந்த பின் 1946இலேதான் அவை செயலற்றனவாக அறிவிக்கப்பட்டன. 1950இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கரையோரப் பீரங்கிப் படை என்னும் துறையே நீக்கப்பட்டுக் களப் பீரங்கிப் படையுடன் இணைக்கப்பட்டது. 1968இல் விமான எதிர்ப்பு மீண்டும் தனித் துறையாகப் பிரிந்தபோது பழைய பெயர் திரும்பி வரவில்லை.

200 என்னும் இலக்கமோ பிழைத்துக்கொண்டது. நியூ மெக்சிக்கோ காவற்படையில் அது பீரங்கிப் படைக்கும், பின்னர் வான்பாதுகாப்புப் பீரங்கிப் படைக்கும், இந்நூற்றாண்டிலே காலாட்படைக்கும் உரிய இலக்கமாகத் தொடர்ந்தது. இம்மரபுரிமையை இராணுவ ஏடுகள் மிக நுணுக்கமாகப் பேணுகின்றன. ஆனால் மாநில மக்கள் இரு இலக்கங்களையும் பிரித்துப் பேசுவதில்லை. 1941 டிசம்பரில் யார் கிளார்க் தளத்தில் நின்றார், யார் மனிலாவுக்குச் சென்றார் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. தலைநகராகிய சாந்தா பே நகரில் முன்னாள் சட்டமன்றக் கட்டடம் ‘பத்தான் நினைவுக் கட்டடம்’ எனப் பெயர் பெற்றுள்ளது. அப்பெயரில் இலக்கம் எதுவும் இல்லை.