சைக்கிளில் சென்சார் இணைக்கும் முறை

சைக்கிள் நம் கிராமங்களுக்குப் புதிதன்று. பால்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள், வயலுக்குச் செல்லும் விவசாயி ஆகிய யாவருக்கும் அது நெடுநாளைய துணை. இப்போது நம் வாலிபர்களுள் சிலர் அதனை உடற்பயிற்சிக்கும் பந்தயத்திற்கும் பழகுகின்றனர். வேகத்தையும் மிதிப்பையும் அளக்கும் சென்சார்களை வாங்கிப் பூட்டுகின்றனர். அவை செல்போனோடு சேராவிடில், இரண்டு நாள் முயன்றுவிட்டு, "கருவி பழுது" என்று மாடத்தில் போட்டுவிடுவோரும் உளர். பெரும்பாலும் பழுது கருவியில் இல்லை. இணைக்கும் முறையிலேயே இருக்கிறது. உழைத்துச் சேர்த்த பணமும் இளைஞர் மன்றத்தின் பொதுப் பணமும் வீணாகாதிருக்க, அம்முறையை இங்கு விளக்குவோம்.

கருவி செய்யும் வேலை

வேக சென்சார் சக்கரத்தின் நடு அச்சில் கட்டப்படும். மிதிப்பு சென்சார் பெடல் தண்டில் கட்டப்படும். இவை வேகத்தையோ தூரத்தையோ அறியா. எத்தனை சுற்று சுற்றியது, கடைசிச் சுற்று எப்போது முடிந்தது என்னும் இரண்டை மட்டுமே சொல்லும். புளூடூத் முறையில் இந்நேரம் ஒரு விநாடியின் 1024இல் ஒரு பங்கு என்னும் நுட்பமான அளவில் அனுப்பப்படுகிறது. கணக்கிடுவது செல்போனின் வேலை. சுற்றளவு 222 செண்டிமீட்டர் உள்ள சக்கரம் நிமிடத்திற்கு 150 முறை சுற்றினால், நிமிடத்திற்கு 333 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சக்கரச் சுற்றின் மொத்த எண்ணிக்கையே ஒவ்வொரு முறையும் அனுப்பப்படுவதால், இடையில் ஓரிரு செய்திகள் தவறினாலும் தூரக் கணக்குக் குறைவதில்லை.

இரு வகைப் பேச்சு

சென்சார்கள் ஆன்ட் பிளஸ், புளூடூத் என்னும் இருவகை முறைகளில் செய்தி அனுப்புகின்றன. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலைகளையே பயன்படுத்துகின்றன. ஆயினும் தன்மை வேறு. ஆன்ட் பிளஸ், ஊரில் தமுக்கு அடிப்பது போன்றது. அருகிலுள்ள கருவிகள் எத்தனையாயினும் ஒரே நேரத்தில் கேட்கலாம். புளூடூத், இருவர் தனித்துப் பேசுவது போன்றது. பல சென்சார்கள் ஒரு சமயத்தில் ஒரு கருவியோடு மட்டுமே பேசும். புதியவற்றுள் சில, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றோடு பேசும்.

குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத், 2010ஆம் ஆண்டில் வெளியான 4.0 பதிப்போடு வந்தது. ஐபோன் ஆன்ட் பிளஸை ஏற்பதில்லை. கார்மின் கைக்கடிகாரங்களுள் பல இரண்டையும் ஏற்கும். ஆப்பிள் கைக்கடிகாரம் 2023ஆம் ஆண்டில் வந்த வாட்ச் ஓ.எஸ். 10 முதல் புளூடூத் சைக்கிள் சென்சார்களை நேரே ஏற்கிறது. மலிவான கைப்பட்டைகள் பலவற்றிற்கு வெளிச் சென்சாரை ஏற்கும் வசதியே கிடையாது. ஆகவே, சென்சாரின் பெட்டியில் எழுதியுள்ள முறையும் தம்மிடமுள்ள கருவி ஏற்கும் முறையும் ஒன்றுதானா என்று பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

இணைக்கும் ஒழுங்கு

முதலாவதாக, பாட்டரியை மறைத்திருக்கும் பிளாஸ்டிக் தாளை இழுத்து எடுத்துவிட வேண்டும். இரண்டாவதாக, சக்கரத்தையும் பெடலையும் சில முறை சுற்ற வேண்டும். அசையாத சென்சார் மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கிவிடும், உறங்கும் கருவியைத் தேடிக் காண முடியாது. மூன்றாவதாக, செல்போனின் புளூடூத் பட்டியலில் தேடாமல், சைக்கிள் ஓட்டத்தைப் பதியும் செயலிக்குள் சென்று தேட வேண்டும். பலரும் தவறுவது இவ்விடத்திலேதான். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையிலான பதிப்புகளில் இருப்பிட அனுமதி கொடாவிடில் சென்சார் தென்படாது. நான்காவதாக, சென்சார் முன்பே வேறொரு செல்போனோடு சேர்ந்திருப்பின், அதனை விடுவிக்க வேண்டும். மன்றத்தில் ஒரு சென்சாரைப் பலர் மாற்றிப் பயன்படுத்தும்போது இது மிக அவசியம்.

மனித உடலில் பெரும்பகுதி நீர். அது இவ்வலைகளை உறிஞ்சிவிடும். முதுகுப் பக்கத்துப் பையில் செல்போனை வைத்து ஓட்டுகையில் தொடர்பு அறுந்தால், அதனைக் கைப்பிடியில் பொருத்திப் பார்க்கலாம்.

சுற்றளவை அளத்தல்

இணைத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. சக்கரத்தின் சுற்றளவை நாம் சொல்ல வேண்டும். டியூபின் வால்வு தரையை நோக்கி இருக்குமாறு நிறுத்தி, தரையில் கோடிட்டு, ஒருவர் ஏறி அமர்ந்தபடி மற்றவர் தாங்கிக்கொள்ள, ஒரு முழுச் சுற்று நேராக உருட்டுக. வால்வு மீண்டும் கீழே வரும் இடத்தில் மறு கோடிடுக. இடைத் தூரமே சுற்றளவு. 222 செண்டிமீட்டர் உள்ள சக்கரத்திற்கு 210 என்று எழுதிவிட்டால், 50 கிலோமீட்டர் ஓட்டியவருக்கு 47.3 கிலோமீட்டரே காட்டும். பந்தயத்திற்குப் பழகும் பிள்ளை, தன் உழைப்பைக் குறைவாக எண்ணி மனம் தளர்வதற்கு இப்பிழை ஒன்றே போதும்.

ஓர் எச்சரிக்கை

இச்சென்சார்கள் பலவற்றில் 2032 என்னும் எண்ணுள்ள, நாணயம் போன்ற லித்தியம் பாட்டரி இருக்கிறது. இதனைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் கடுமையாக வெந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தீர்ந்த பாட்டரியிலும் இத்தீங்கு உண்டு. அதனைத் திண்ணையிலோ குப்பையிலோ எறிதல் கூடாது.

இளைஞர் மன்றத்திற்கு இக்கருவிகளை வாங்க எண்ணும் பஞ்சாயத்து உறுப்பினர்கள், உறுப்பினரிடம் எவ்வகைச் செல்போனும் கடிகாரமும் உள்ளன என்று முதலில் கேட்டறிந்து, பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தி, சுற்றளவு அளப்பதையும் பாட்டரியைப் பத்திரப்படுத்துவதையும் அவரிடம் ஒப்படைத்தல் நலம். அங்ஙனம் செய்தால், சிறு கருவியும் ஊருக்கு முழுப் பயன் அளிக்கும்.