சட்டியா, தட்டியா? (உழைப்பும் உடம்பும் – 17)

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போதே மரக்காணம் உப்பளத்தில் ஆள் இறங்கிவிடும். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தி கண்ணைப் பறிக்கும். அதற்குள் உப்பை வாரி வரப்பில் குவித்துவிட வேண்டும். அந்த இருட்டில் அளத்துக்கு வழி கேட்கத் தேவையில்லை. டீசல் எஞ்சின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

சென்ற இரண்டு இதழ்களில் உப்பளத் தொழிலாளியின் பாதத்தையும் கண்ணையும் பார்த்தோம். உப்பளம் என்றாலே எல்லோரும் பேசுவது அந்த இரண்டைத்தான். காதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. தொண்டையை நினைப்பாரே இல்லை. கூரையும் சுவரும் இல்லாத வெட்டவெளியில், கடற்காற்று அடிக்கிற இடத்தில் காது எப்படிக் கெடும் என்று தோன்றுவது இயல்புதான். பஞ்சாலை, கல் குவாரி, பாத்திரப் பட்டறை என்றால் உடனே ஒப்புக்கொள்வோம்.

பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற ஊர் மரக்காணம். ஈ.சி.ஆரில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பாத்திகள் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கின்றன. கடல்நீரின் அடர்த்தி, அடர்த்திமானியில் மூன்று, மூன்றரை டிகிரி. அது வெயிலில் வற்றி 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கும். அதுவரை தண்ணீரை இறைப்பதும், பாத்தி விட்டுப் பாத்தி மாற்றுவதும் ஓயாத வேலை. ஒரு காலத்தில் ஏற்றம் போட்டு இறைத்தார்கள். அப்போது சத்தம் என்றால் ஏற்றப் பாட்டுதான். இப்போது அந்த இடத்தில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். அருகில் நின்றால் 90 டெசிபெல்லைத் தாண்டுவது அதற்குச் சாதாரணம். சைலன்சர் துருப்பிடித்து உடைந்துவிட்டால், உப்புக்காற்றில் அது சீக்கிரமே உடையும், கணக்கு இன்னும் ஏறும்.

எஞ்சின் பார்க்கிறவர் தள்ளி நிற்க முடியாது. பெல்ட் நழுவுகிறதா, தண்ணீர் ஏறுகிறதா, டீசல் தீர்ந்துவிட்டதா என்று பக்கத்திலேயே இருக்க வேண்டும். களைத்துப்போனால் அதன் நிழலிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுகிறவர்களும் உண்டு. சத்தத்தில் எப்படித் தூக்கம் வருகிறது என்று கேட்டால், "எஞ்சின் நின்னாதாங்க முழிப்பு வரும்" என்பார்கள். காது பழகிவிட்டது என்று அதற்குப் பெயர். காது பழகுவதில்லை. சாகிறது.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் வரிசை வரிசையாகச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலியை நரம்பின் மொழிக்கு மாற்றுவது அவைதான். மனிதனுக்கு இவை பிறப்போடு வந்த சொத்து. செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. 94-க்கு ஒரே மணி நேரம்தான். தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஒரு மணி நேரத்தில் நிற்கப்போவதில்லை.

சத்தத்தால் வரும் கேட்புக் குறைவு எல்லா ஒலியையும் ஒரே சீராகக் குறைப்பதில்லை என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். ஆடியோகிராம் எடுத்தால் கோடு அந்த இடத்தில் பள்ளம் விழுந்து மறுபடி ஏறும். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அலைகளில் இருப்பவை, அவை தப்பித்துக்கொள்ளும். மெய்யொலிகள், அதிலும் சகரம் மாதிரி சீறுகிற ஒலிகள், முதலில் கரைந்துபோகும். அளத்தில் ஒருத்தி "சட்டிய எடு" என்று கூவினால் எஞ்சின்காரருக்கு விழுவது "...அட்டிய எடு". சட்டியா, தட்டியா, கட்டியா? உப்பு அள்ளும் சட்டியைக் கேட்டவளுக்கு, அம்பாரத்தை மூடும் ஓலைத் தட்டி போய்ச் சேரும். "காது கேக்குதா இல்லியா?" என்று அவள் சீறுவாள். கேட்கிறது, அதுதான் சங்கடம். சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. அவரும் தன் காதில் கோளாறு என்று நம்பமாட்டார். ஊரில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார். ராத்திரி படுத்தால் காதுக்குள் 'கொய்ங்' என்று வண்டு பறக்கும். அதைக் குளிர் என்று சொல்லி எண்ணெய் விட்டுக்கொள்வார்.

இனி தொண்டைக்கு வருவோம். எஞ்சின்காரரின் காதுக்குப் பாதி விலை கொடுப்பது பக்கத்தில் இருப்பவரின் குரல்.

1911-இல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: சுற்றிலும் இரைச்சல் ஏறினால், மனிதன் தன்னையறியாமலே குரலை ஏற்றிவிடுகிறான். அடக்கிப் பேசு என்று சொன்னாலும் முடிவதில்லை. லொம்பார் விளைவு என்று அதற்கே பெயர் வந்துவிட்டது. உப்பளத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சுவரோ மரமோ இல்லாததால் ஒலி எதிலும் பட்டுத் திரும்பாது. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு டெசிபெல் போய்விடும். நாலு பாத்தி தள்ளி நிற்பவருக்குக் கேட்க வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். சாதாரணப் பேச்சிலேயே பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தும்போது மோதலின் எண்ணிக்கையும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. நாளாக நாளாக நாண்களின் விளிம்பில் காய்ப்பு ஏறி முடிச்சு விழும். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவது போலத்தான். கைக்காய்ப்பு கண்ணில் படும். தொண்டைக்காய்ப்பை, "குரல் கம்மிப்போச்சு, பனி ஒத்துக்கல" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

குரல்நாண் வழுவழுப்பாக இருக்க உடம்பில் நீர் வேண்டும். உப்பளத்தில் அதற்கும் பஞ்சம். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 பேரைச் சோதித்தபோது, சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. அது வெப்பத்தையும் சிறுநீரகத்தையும் பற்றிய ஆய்வு. தொண்டையை அவர்கள் பார்க்கவில்லை. ஆனால் காரணம் ஒன்றுதான்: ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். கழிப்பறை இல்லாத குறை சிறுநீரகத்தோடு நிற்காமல் குரல்வளை வரைக்கும் ஏறுகிறது என்று இந்தத் தொடர் தன் பொறுப்பில் சொல்கிறது.

உப்பளத்தை விட்டுக் கரைக்கு வந்தாலும் கதை இதேதான். எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம் பக்கமெல்லாம் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் ஒதுங்கி ஃபைபர் படகு பெருகியது. துடுப்பும் பாயும் இருந்த இடத்தில் எஞ்சின். அதைப் பிடித்து ஓட்டுகிறவருக்கும் அதற்கும் இடையில் ஒரு கை தூரம் இருந்தால் அதிகம். கரையில் ஏலம் கூறுகிறவர், கூடையோடு தெருவில் கூவுகிறவர் எல்லாம் குரலை வைத்துச் சோறு தின்பவர்கள்.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பிழைப்பும் இல்லை. அகநானூற்றின் 140-ஆம் பாட்டில், அம்மூவனார் உப்பு விற்கும் உமணர் மகள் ஒருத்தியைக் காட்டுகிறார். அவள் உப்பு விலை கூவிக்கொண்டு தெருவில் போக, வீட்டு நாய் அந்தக் குரலுக்குக் குரைக்கிறது. அவளுடைய அழகை உரைகாரர்கள் நிறையவே பேசிவிட்டார்கள். மாலையில் அவள் தொண்டை என்ன ஆகியிருக்கும் என்று கேட்டவர் இல்லை. இப்போது உப்பு வண்டிக்காரர் ஒரு தடவை பதிவுசெய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டுவிடுகிறார். தெருவுக்கு அது தொல்லைதான். அவர் குரல்வளைக்கு அது பெரிய விடுதலை.

தொழில் நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700-இல் இத்தாலியின் மோதெனாவில் வெளியிட்டு, 1713-இல் விரிவாக்கிய நூலில், சத்தத்தில் காது கெட்டவர், குரலால் பிழைப்பவர், உப்பு விளைவிப்பவர் என மூவரும் ஒரே அட்டைக்குள் வந்துவிடுகிறார்கள். வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் ஒரே பகுதியில் குடியிருந்து நாள் முழுக்கத் தட்டித் தட்டிக் காது மந்தமானதை எழுதினார். குரலால் பிழைக்கும் பாடகர்களுக்கு ஓர் அத்தியாயம், செர்வியா ஊர் உப்பு விளைவிப்போருக்கு ஓர் அத்தியாயம். 1886-இல் கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார் ஆட்களை எண்ணியே பார்த்தார். கொதிகலன் செய்வோர் 100 பேரில் 75 பேருக்குப் பொதுக்கூட்டப் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. தபால்காரர்கள் 100 பேரில் 8 பேருக்கு மட்டுமே அந்தச் சிரமம்.

குரலையும் இப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கெட்டதாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம், மற்றத் தொழில்களில் 28.8. லாரி ஓடும் சாலையோரப் பள்ளியில் ஐம்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருகிற டீச்சருக்கு இந்த எண் புதிதாகத் தோன்றாது.

சட்டம் இதையெல்லாம் அறியாதது என்று நினைக்க வேண்டாம். பம்பாய்க்கு வடக்கே பாயந்தரில் 250 ஏக்கர் உப்பளம் வைத்திருந்தவர், இது வெறும் நிலம், தொழிற்சாலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கே இருந்தவை சில தற்காலிகக் கொட்டகைகளும், தண்ணீர் பம்பு பொருத்துவதற்கான மேடைகளும்தான். 1961-இல் நீதிமன்றம் சொன்னது: கடல்நீரை உப்பாக்குவது உற்பத்தி, திறந்தவெளியானாலும் உப்பளம் தொழிற்சாலையே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இரைச்சலால் வரும் கேட்புக் குறைவை அறிவிக்க வேண்டிய நோய் என்று பட்டியலிட்டது. அந்த நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தொழிற்சாலைகள் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது, எழுதாவிட்டால் அபராதம். குரல்நாண் முடிச்சு அந்தப் பட்டியலில் இல்லை.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. மின்சாரமோ எஞ்சினோ இருந்தால் பத்து பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் செல்லுபடியானது. குத்தகை துண்டு துண்டாகப் பிரிந்த இடத்தில், ஆறு பேர், எட்டு பேர் என்று வேலை நடந்த அளம் கணக்குக்குள் வரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ அந்த எண்ணிக்கையை இருபது, நாற்பது என்று உயர்த்திவிட்டது. பட்டியலில் காது இருக்கிறது. காதுக்குரியவர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிய செலவு இல்லை. உடைந்த சைலன்சரை மாற்றுவது முதல் வேலை. எஞ்சினிலிருந்து ஒரு மீட்டரில் உட்காருகிறவர் நாலு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 12 டெசிபெல் குறையும்; நிழலுக்கு ஒரு கீற்றுப் பந்தல் அங்கே போட்டுக்கொடுத்தால் தானே நகர்ந்துவிடுவார். காதில் பஞ்சு அடைப்பதால் பயன் மிகக் குறைவு. குஜராத்தின் சிறிய கச்சு ரண் உப்பளங்களில் அகரியாக்கள் எனப்படும் உப்புத் தொழிலாளர்கள் டீசலை விட்டுச் சூரிய சக்தி பம்புக்கு மாறிவருகிறார்கள். டீசல் காசு மிச்சம் என்றுதான் மாறினார்கள். காதுக்குக் கிடைத்த நிம்மதி அதன் கூடவே இலவசமாக வந்தது.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தின் சத்தம் 85 டெசிபெல்லை எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் தீராத குரலையும், ராத்திரியில் வண்டு பறக்கும் காதையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். புதிய சட்டம் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனையைச் சொல்கிறது. அது உப்பளத்துக்கும் வந்து சேர்ந்தால், ரத்த அழுத்தம், சர்க்கரையோடு ஆடியோகிராமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் எடுக்கமாட்டார்கள்.

(தொடரும்)